திரையில் அழாத குழந்தை

எல்லாருக்கும் வணக்கமுங்க. கோவைப் பக்கம் குழந்தைகள் வார்டில் மாணவர்களோடு ரொம்பக் காலம் நின்றவன் நான். கம்ப்யூட்டரில் வரும் கற்பனை நோயாளியை வைத்துக் குழந்தை மருத்துவம் சொல்லித் தருவதைப் பற்றி ரேடியோவில் பேசச் சொன்னார்கள்.

திரையில் ஒரு குழந்தை வரும். எட்டு மாசம், மூன்று நாளாகக் காய்ச்சல். என்ன கேட்பாய், எங்கே தொட்டுப் பார்ப்பாய், எந்த டெஸ்ட் எழுதுவாய் என்று மாணவரைப் படிப்படியாகக் கேட்கும். தப்பாகச் சொன்னால் ஏன் தப்பு என்று அங்கேயே சொல்லிவிடும். அமெரிக்காவில் குழந்தை மருத்துவ ஆசிரியர்கள் சேர்ந்து 'க்ளிப்' என்று இப்படி 30 கேஸுக்கு மேல் எழுதினார்கள், இப்போது பெயர் அக்விஃபர். எனக்கு இது பிடிக்கும். வார்டு என்பது பருவத்தைப் பொறுத்தது, ஐப்பசி மழையில் போஸ்டிங் வந்தவன் டெங்குவாகவே பார்த்துவிட்டு, குடலுக்குள் குடல் செருகிக்கொண்ட குழந்தை ஒன்றைக்கூடப் பார்க்காமல் பரீட்சைக்குப் போய்விடுவான். திரைக்குப் பருவம் கிடையாது. அங்கே தப்புப் பண்ணினாலும் எந்தப் பிள்ளைக்கும் ஒன்றும் ஆகாது.

ஆனால் பாருங்கள், அந்தக் கேஸ்களில் நல்ல மார்க் வாங்குகிற ஒரு பையன், சென்னைக்காரன். வார்டில் அம்முச்சி, அதாவது அம்மாவைப் பெற்ற பாட்டி, மடியில் பத்து மாசக் குழந்தை. "என்னம்மா பண்ணுது?" என்றான்.

"தொக்கமுங்க சாமி. ரெண்டு வாட்டி எடுத்தாச்சு, நிக்க மாட்டேங்குது."

பையன் முழித்தான். தொக்கம் எடுப்பதென்றால், உள்ளே சிக்கிக்கொண்ட சாப்பாட்டை எடுப்பதாகச் சொல்லும் நாட்டு வைத்தியம், நம்மூர்க்காரருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அவன், "எதை எடுத்தீங்க?" என்றான். அம்முச்சி என்னைத் திரும்பிப் பார்த்து, "தம்பி நம்மூருங்களா?" என்றார். சிரிப்பை அடக்கிக்கொண்டு, "எத்தனை தடவை வாந்தி, பேதி உண்டா, இருமி முடித்ததும் வாந்தியா, அதைக் கேளப்பா" என்றேன். இருமினால்தான் வாந்தியாம்!

சரி, மூச்சை எண்ணு என்றேன். திரையில் இந்த எண் அச்சடித்தே வந்துவிடும். இங்கே குழந்தை வீல் வீலென்று அழுகிறது. 15 விநாடி எண்ணி, நாலால் பெருக்கி, 44 என்றான். அம்முச்சி தோளில் போட்டுத் தட்டித் தூங்க வைத்த பிறகு முழு நிமிஷம் எண்ணினோம். 56. இந்த வயசுக்கு அது அதிகம். வம்பு வயிற்றில் இல்லை, நெஞ்சில்.

அதனால்தான் கேஸை நம்மூரிலேயே எழுதுங்கள் என்று சொல்லிக்கொண்டே இருக்கிறேன். முதல் வரியில் அம்முச்சி பேசட்டும். மூச்சு எண்ணைத் தராமல், அழுகிற குழந்தையின் வீடியோவைப் போட்டு எண்ணச் சொல்லுங்கள். நானும் இரண்டு கேஸ் எழுதிப் பார்த்தேன், இரண்டிலும் தொக்கம் வந்துவிட்டது, போகட்டும்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள். உப்புச் சர்க்கரைக் கரைசல் பற்றி வைத்திருந்தேன், நேரமில்லை. இதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்: இருமல், சளி என்றால், குழந்தை அழாதபோது முழு நிமிஷம் மூச்சை எண்ணுங்கள். இரண்டு மாசத்துக்குள் 60, ஒரு வயசுக்குள் 50, அஞ்சு வயசுக்குள் 40. அதைத் தொட்டாலே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். வர்றேனுங்க.