ஒரே 'பெயர்', வேறு வேறு விதிகள்

வணக்கம். போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தள மென்பொருளுடைய கையேட்டின் கட்டளைப் பக்கங்களில், கட்டளையை எழுதும் முறையைக் காட்டும் தொடரமைப்பு வரியில் வரும் 'பெயர்' என்ற ஒரு சொல்லைப் பற்றி மட்டுமே இன்று பேசவிருக்கிறேன். 2002-இல் வெளிவந்த 7.3 பதிப்பு முதல் போஸ்ட்கிரெஸில் ஸ்கீமா, அதாவது டேபிள் முதலியவற்றைத் தொகுத்து வைக்கும் பெயர்வெளி, இருக்கிறது. ஆகவே ஒரு டேபிளைக் குறிப்பிடும்போது, ஸ்கீமாவின் பெயரை முன்னால் எழுதி, ஒரு புள்ளி வைத்து, 'கணக்கு.ரசீது' என்று முழுப்பெயராகவே தரலாம்.

எல்லாப் பெயர்களுக்கும் இது பொருந்தும் என்று நம்பித்தான், தேடலை விரைவாக்கும் இன்டெக்ஸை உருவாக்கும் கிரியேட் இன்டெக்ஸ் கட்டளையில் இன்டெக்ஸின் பெயருக்கு முன்னும் ஸ்கீமாவை எழுதினேன்; தொடரமைப்புப் பிழை வந்தது. இன்டெக்ஸ் எப்போதும் தன் டேபிள் இருக்கும் ஸ்கீமாவிலேயே உருவாகும் என்பதால், அங்கே ஸ்கீமாவைச் சொல்ல இடமே இல்லை. ஆனால் அதே இன்டெக்ஸை டிராப் இன்டெக்ஸ் மூலம் நீக்கும்போது நிலைமை தலைகீழாகிறது: ஸ்கீமா சொல்லாத பெயரை எந்தெந்த ஸ்கீமாக்களில் தேடுவது என்ற பட்டியலான சர்ச் பாத்தில் அந்த ஸ்கீமா இல்லாவிட்டால், முழுப்பெயரைத் தராதவரை, அப்படியோர் இன்டெக்ஸே இல்லை என்றுதான் பதில் வரும். டேபிளில் மாற்றம் நிகழும்போது தானாக இயங்கும் டிரிக்கர் இன்னொரு வகை. அதை உருவாக்கும்போதும் நீக்கும்போதும் அதன் பெயர் தனித்தே நிற்க வேண்டும், டேபிளின் பெயர் மட்டுமே ஸ்கீமாவை ஏற்கும்.

இவ்வளவு வேறுபாட்டையும் தொடரமைப்பு வரியிலேயே, விட்டுவிடத்தக்க பகுதியைக் குறிக்கும் சதுர அடைப்புக்குறிகளால் காட்டலாமே என்று சிலர் கேட்கலாம். ஏற்கெனவே அடைப்புக்குறிகள் நிறைந்த கிரியேட் டேபிள் போன்ற கட்டளையில், ஒவ்வொரு பெயருக்கும் இன்னொரு ஜோடியைச் சேர்த்தால், படிப்பவரின் கண் முதன்மையான அமைப்பையே தவறவிடும் என்பது என் கருத்து. வரி எளிமையாகவே இருக்கட்டும். வரியில் உள்ள ஒவ்வொரு சொல்லையும் விளக்கி, கீழே வரும் அளபுரு விளக்கம்தான் இந்தச் சுமையைத் தாங்க வேண்டும். 'ஸ்கீமாவுடன் தரலாம்' என்ற சிறு குறிப்பு பெரும்பாலான பக்கங்களில் இருக்கிறது. ஸ்கீமாவை ஏற்காத இடத்தில் அதையும், காரணத்தோடு சொல்வதே முறை. கிரியேட் இன்டெக்ஸ் பக்கம் இதை அழகாகவே செய்கிறது.

நான் கூடுதல் விளக்கம் வேண்டும் என்று விரும்பும் இடம் டேபிளை மாற்றியமைக்கும் ஆல்டர் டேபிள் கட்டளையில், பெயரை மாற்றும் ரீநேம் பகுதி. மாற்றப்படும் டேபிளின் பெயர் ஸ்கீமாவை ஏற்கும். புதிய பெயர் ஏற்காது. இரண்டும் ஒரே வரியில் அருகருகே நிற்பதால், வேறு ஸ்கீமாவுக்கு மாற்றவும் இதுவே வழி என்று எண்ணத் தோன்றும். அதற்கு செட் ஸ்கீமா என்ற தனி வடிவம் உண்டு என்பதை, புதிய பெயரை விளக்கும் அந்த இடத்திலேயே ஒரு வாக்கியத்தில் எழுதிவிட வேண்டும்.