5 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு சொகுசு வண்டி

வணக்கம் நேயர்களே.

நடுத்தர அளவில் ஒரு சொகுசு எஸ்யூவி வாங்க நினைப்பவர்கள் முதலில் விசாரிப்பது, 0விலிருந்து 100 கிலோமீட்டர் வேகத்துக்கு அது எத்தனை நொடியில் போகும் என்பதைத்தான். அப்புறம் திரை எத்தனை அங்குலம், கூரைக் கண்ணாடி எவ்வளவு பெரியது என்று பேச்சு போகும். சரி, கேட்கட்டும். ஆனால் அந்த வண்டி தார்ச்சாலையை விட்டு இறங்கியும் ஓடும் என்று நம்பி வாங்குவதானால், மணிக்கு 5 கிலோமீட்டர் வேகத்தில் அது எப்படி நடந்துகொள்கிறது என்று பார்த்தாக வேண்டும். பாறையும் பள்ளமும் பெரும்பாலும் மனிதர் நடக்கிற வேகத்தில் கடக்க வேண்டியவை. என் அனுபவத்தில் சொகுசின் தரமும் அந்த வேகத்தில்தான் பிடிபடுகிறது. நல்ல சாலையில் வேகமாக ஓடும்போது சுகமாக இருப்பது இன்று விலை உயர்ந்த வண்டிகள் எல்லாவற்றுக்கும் கைவந்த கலை. மெதுவாக ஊர்ந்து போகும்போதும் அப்படி இருப்பவை சில மட்டுமே.

இந்த வண்டிகளுக்கு இரண்டு பூர்வீகம் உண்டு. வேலைக்காக உண்டாக்கிய வண்டி மெல்ல மெல்லச் சொகுசானது ஒரு வழி. 1970இல் வந்த முதல் ரேஞ்ச் ரோவரில் வினைல் இருக்கையும் பிளாஸ்டிக் டேஷ்போர்டும்தான் இருந்தன. சேறானால் தண்ணீர் விட்டுக் கழுவிவிடலாம். தோலும் மரமும் பிற்பாடு வந்து சேர்ந்தவை. லெக்ஸஸ் ஜிஎக்ஸ் இன்றைக்கும் டொயோட்டா லேண்ட் க்ரூஸர் குடும்பத்துச் சேஸிஸின், அதாவது தனி அடிச்சட்டத்தின், மேல்தான் நிற்கிறது. கார் உயர்ந்து எஸ்யூவி ஆனது இன்னொரு வழி. 1990களின் கடைசியில் வந்த லெக்ஸஸ் ஆர்எக்ஸ் அந்த ரகம். தனிச் சேஸிஸ் இருந்தால்தான் காட்டுக்குப் போகும் என்று சிலர் அடித்துச் சொல்வார்கள். அதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். ஜீப் கிராண்ட் செரோக்கி 1992இல் வந்ததிலிருந்தே தனிச் சேஸிஸ் இல்லாத மோனோகாக் உடல்தான். புதிய லேண்ட் ரோவர் டிஃபெண்டரும் அப்படியே. இரண்டும் காட்டுக்குப் போய் ஒழுங்காகத் திரும்பி வருகிற வண்டிகள்.

சோதனையைக் கீழேயிருந்து தொடங்குங்கள், அதாவது டயரிலிருந்து. ஒரே மாடலுக்கு 18 அங்குல ரிம்மும் கிடைக்கும், 22 அங்குல ரிம்மும் கிடைக்கும். அதே டிஃபெண்டரையே எடுத்துக்கொள்வோம். 18 அங்குல ரிம்மில் 255/70 டயர், 22 அங்குல ரிம்மில் 275/45 டயர். முதல் எண் டயரின் அகலம், மில்லிமீட்டரில்; அடுத்தது ரப்பர்ச் சுவரின் உயரம் அந்த அகலத்தில் எத்தனை சதவீதம் என்பது. சக்கரத்தின் மொத்த உயரம் இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான், 81 சென்டிமீட்டர் பக்கம் வரும். ஆனால் ரிம்முக்கும் தரைக்கும் நடுவில் இருக்கிற ரப்பர்ச் சுவர் முதலாவதில் சுமார் 178 மில்லிமீட்டர், இரண்டாவதில் சுமார் 124. ஐந்து சென்டிமீட்டருக்கு மேல் ரப்பர் போய் அந்த இடத்தில் உலோகம் வந்துவிடுகிறது.

அந்த ஐந்து சென்டிமீட்டருக்கு வேலை நிறைய. கூர்மையான கல் இடித்தால் அதுதான் அமுங்கிக்கொடுக்கும். மணலில் டயரின் காற்றழுத்தத்தை 15–18 பிஎஸ்ஐ அளவுக்கு இறக்கினால் டயர் நீளவாக்கில் படர்ந்து தரையைப் பிடித்துக்கொள்ளும்; சுவர் மெல்லிய டயரில் அப்படி இறக்கினால் ரிம் அடிபடும். சாதாரண சாலைக் குழியில் விழும்போதும் அதிர்ச்சியை முதலில் வாங்கிக்கொள்வது அந்த ரப்பர்தான், ஸ்பிரிங்கின் முறை அதற்குப் பிறகே வருகிறது. ஆக, பெரிய ரிம் காட்டுத் திறனையும் குறைக்கிறது, சொகுசையும் குறைக்கிறது. நிறுத்தி வைத்திருக்கும்போது பார்க்க அழகாக இருக்கிறது, அவ்வளவுதான். இதில் எனக்கு மாற்றுக் கருத்தே கிடையாது.

விற்பவரிடம் இந்தக் கேள்வியைக் கேட்டுப் பாருங்கள்: இந்த வண்டியின் பிரேக் டிஸ்க்குக்கு மேல் பொருந்துகிற மிகச் சிறிய ரிம் எது? வேகமான எஞ்சின் உள்ள வகைகளுக்குப் பெரிய டிஸ்க் வைத்திருப்பார்கள். அதற்கு மேல் சின்ன ரிம் ஏறாது. "இப்போதைக்கு இந்த ரிம் இருக்கட்டும், பின்னால் நல்ல காட்டு டயராக மாற்றிக்கொள்ளலாம்" என்று போட்ட கணக்கு அங்கேயே முடிந்துவிடும். இந்தக் கேள்விக்கு உடனே பதில் சொல்கிற விற்பனையாளர் அகப்பட்டால், அவரிடம் மற்ற சந்தேகங்களையும் தாராளமாகக் கேட்கலாம்.

அடுத்தது வண்டியின் வயிறு. கூச்சப்படாமல் குனிந்து பாருங்கள். எது தாழத் தொங்குகிறது? சைலன்ஸரா, பெட்ரோல் டேங்க்கா, பின் சஸ்பென்ஷனின் கையா? கீழே மூடியிருப்பது உலோகத் தகடா, காற்றோட்டத்துக்காக வைத்த பிளாஸ்டிக்கா? கையேட்டில் மூன்று கோணங்கள் போட்டிருப்பார்கள்: மேடு ஏறும்போது முன் பம்பர் தட்டாத கோணம், இறங்கும்போது பின்பக்கம் தட்டாத கோணம், மேட்டைத் தாண்டும்போது நடுவயிறு தட்டாத கோணம். டிஃபெண்டர் 110க்கு ஏர் சஸ்பென்ஷனோடு (ஸ்பிரிங்குக்குப் பதில் காற்றுப் பை) இவை 38, 40, 28 டிகிரி. தரையிலிருந்து உயரம் 291 மில்லிமீட்டர். நல்ல எண்கள்தான். ஆனால் இந்த மாதிரி எண்கள் சஸ்பென்ஷனை உயர்த்தி வைத்து அளந்தவை. வேகம் கொஞ்சம் கூடினால் வண்டி தானாகவே கீழே இறங்கிவிடும். இன்னொரு சங்கதியும் உண்டு: ஏர் சஸ்பென்ஷனை முழுக்க உயர்த்தினால் சக்கரம் கீழே தொங்குவதற்கு மிச்ச இடம் குறைந்துவிடும். பள்ளத்தில் சக்கரம் சீக்கிரமே தரையை விட்டு எழும், உள்ளே இருப்பவர்களுக்குக் குலுக்கலும் கூடும். உயரத்தை மட்டும் பார்த்து மயங்க வேண்டாம் என்பதற்காகச் சொல்கிறேன்.

ஃபோர் வீல் டிரைவ் விஷயத்துக்கு வருவோம். பின்னால் ஒட்டியிருக்கிற எழுத்து ஒன்றுதான் என்றாலும் அடியில் இருக்கிற இயந்திரம் வண்டிக்கு வண்டி வேறு. கார் வழியில் வந்த பலவற்றில் சாதாரணமாகச் சக்தி முன் சக்கரங்களுக்கு மட்டும் போகும். அவை வழுக்கினால் பல தட்டுக் கிளட்ச் ஒன்று இறுகிப் பின்னாலும் பங்கு கொடுக்கும். மழை, பனி, ஈரப் புல் இதற்கெல்லாம் அது போதும். ஆழமான மணலில் வெகுநேரம் திணறினால் கிளட்ச் சூடேறிவிடும். தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அது விலகிக்கொள்ளும். இரண்டு சக்கரங்களுக்கு மட்டும் சக்தி போகிற வண்டியோடு நீங்கள் மணலில் நிற்பீர்கள்.

அப்புறம் டிஃபரன்ஷியல், அதாவது இடது வலது சக்கரங்களுக்குச் சக்தியைப் பிரித்துக் கொடுக்கும் பல்சக்கரத் தொகுப்பு. தண்ணீர் பள்ளத்தைப் பார்த்து ஓடுவதுபோல, சாதாரண டிஃபரன்ஷியல் சக்தியை எளிதாகச் சுற்றுகிற சக்கரத்துக்கே அனுப்பிவிடும். அந்தரத்தில் தொங்குகிற சக்கரம் வெறுமனே சுற்றும், தரையில் இருக்கிற சக்கரம் சும்மா நிற்கும். இதற்கு இரண்டு வைத்தியம். லாக் போட்டு இரண்டையும் சேர்த்துப் பூட்டிவிடுவது ஒன்று. வீணாகச் சுற்றும் சக்கரத்தை மட்டும் பிரேக் பிடித்து, சக்தியை அடுத்த பக்கம் திருப்புவது இன்னொன்று. இப்போதைய சொகுசு வண்டிகளில் பெரும்பாலும் இரண்டாவதுதான். அதுவும் நன்றாக வேலை செய்யும். ஆனால் சக்கரம் கொஞ்சம் சுற்றிய பிறகுதான் அதற்கு விழிப்பு வரும், நீண்ட ஏற்றத்தில் பிரேக்கும் சூடாகும். வாங்குகிற வண்டியில் பின் டிஃபரன்ஷியலுக்காவது லாக் இருந்தால் நிம்மதி.

லோ ரேஞ்ச் கியர், அதாவது வேகத்தைக் குறைத்து இழுவையைக் கூட்டும் கூடுதல் கியர், இருக்கிறதா என்பதும் பெரிய கேள்வி. கிராண்ட் செரோக்கியில் அது ஏறக்குறைய 2.7 மடங்கு. அதே கியரில் வேகம் அவ்வளவு குறையும், சக்கரத்துக்குப் போகும் முறுக்குவிசை அவ்வளவு கூடும். செங்குத்தாக இறங்கும்போது பிரேக்கைத் தொடாமலே எஞ்சின் வண்டியின் வேகத்தைப் பிடித்துவைக்கும். லோ ரேஞ்ச் இல்லாத வண்டிகள் வேறு வழி தேடுகின்றன. லேண்ட் ரோவர் ஃப்ரீலேண்டர் 1997இல் வந்தபோது அதில் லோ ரேஞ்ச் இல்லை. சரிவில் பிரேக்கைத் தானாகவே விட்டு விட்டுப் பிடிக்கிற ஹில் டிஸெண்ட் கன்ட்ரோலைக் கொண்டு அந்தக் குறையை ஈடுகட்டினார்கள். இன்று அந்த வசதி சாதாரண கார்களில்கூட வந்துவிட்டது. 2004இல் லேண்ட் ரோவரின் டிஸ்கவரி 3இல் வந்த டெரெய்ன் ரெஸ்பான்ஸ் திருகிக்கும் இப்போது பல நிறுவனங்களில் வாரிசு உண்டு: மணல், சேறு, பாறை என்று ஒரு திருகு. இது எஞ்சின், கியர், பிரேக் மூன்றின் குணத்தையும் ஒருசேர மாற்றும். ஆனால் இல்லாத லாக்கையும் இல்லாத லோ ரேஞ்ச்சையும் எந்தத் திருகும் கொண்டுவந்து தராது.

சரி, ஓட்டிப் பார்ப்பது எப்படி? பெரிய காடெல்லாம் வேண்டாம். கையளவு உயரத்தில் ஒரு கல் விளிம்போ மேடோ போதும். ஒரு சக்கரத்தை மட்டும் அதில் ஏற்றி, மெதுவாக மறுபக்கம் இறக்குங்கள். நல்ல வண்டியில் ஆக்ஸிலரேட்டரை இம்மி இம்மியாக அழுத்தலாம். சக்கரம் ஏறும், உச்சியில் ஒரு கணம் நிற்கும், பூப்போல இறங்கும். சரியில்லாத வண்டி முதலில் நகரவே நகராது. இன்னும் கொஞ்சம் அழுத்தினால் டர்போ விழித்துக்கொண்டு சட்டென்று எகிறி மறுபக்கம் பொத்தென்று விழும். இரட்டைக் கிளட்ச் கியர்பெட்டி உள்ளவற்றில் ஊர்கிற வேகத்தில் ஒரு உதறல் இருக்கிறதா என்று கவனியுங்கள். எண்ணெய் வழியாகச் சக்தியைக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டர் உள்ள பழைய பாணி ஆட்டோமேட்டிக் இந்த வேலைக்கு இன்னும் மேல்.

இதே சோதனையைப் பின் இருக்கையில் உட்கார்ந்தும் செய்யுங்கள். வேறு யாராவது ஓட்டட்டும். ஒரு பக்கச் சக்கரம் மட்டும் ஏறி இறங்கும்போது உங்கள் தலை ஜன்னல் பக்கம் எவ்வளவு வீசப்படுகிறது? சமதளச் சாலையில் வண்டி சாயாமல் இருக்கத் தடித்த கம்பியால் இடது, வலது சக்கரங்களைச் சேர்த்துக் கட்டியிருப்பார்கள். அதே கம்பி மேடுபள்ளத்தில் தலையை அங்கும் இங்கும் ஆட்டிவைக்கும். மின்சாரத்தில் இயங்கும் கம்பியோ, தேவைக்குக் கழன்றுகொள்ளும் கம்பியோ உள்ள வண்டிகளில் இந்தத் தொல்லை நன்றாகக் குறையும். மசாஜ் இருக்கைக்குக் கொடுக்கிற பணத்தை இதற்குக் கொடுக்கலாம்.

முடிந்தால் எதிரெதிர் மூலையில் உள்ள இரண்டு சக்கரங்களை மேட்டில் ஏற்றி நிறுத்துங்கள். ஒரு சக்கரம் தொங்கட்டும். அந்த நிலையில் கதவுகளையும் டிக்கியையும் திறந்து மூடிப் பாருங்கள். உடல் உறுதியாக இருந்தால் எல்லாம் எப்போதும்போல மூடும். முறுகியிருந்தால் கதவு உரசும், பூட்டு சரியாக விழாது, கூரைக் கண்ணாடியின் சட்டம் முனகும்.

தண்ணீரைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். டிஃபெண்டர் 900 மில்லிமீட்டர் ஆழம் வரை போகும் என்பார்கள், கிராண்ட் செரோக்கி சுமார் 610. இவை தேங்கிய தண்ணீரில் மெதுவாகப் போவதற்கான அளவு. ஓடுகிற வெள்ளத்தில் 60 சென்டிமீட்டர் ஆழமே பெரிய எஸ்யூவியையும் அடித்துக்கொண்டு போகப் போதும். அங்கே கையேட்டுக் கணக்கு செல்லாது.

உள்ளே பார்க்க வேண்டியவை கொஞ்சம்தான். குலுங்குகிற வண்டியில் தொடுதிரையின் சின்னப் படத்தை விரலால் சரியாகத் தொட முடியாது. உயரம், லாக், இறக்கக் கட்டுப்பாடு ஆகியவற்றுக்குத் தனிப் பொத்தான் வேண்டும். முன் சக்கரத்துக்கு எதிரே இருப்பதைத் திரையில் காட்டும் கேமரா உண்மையிலேயே உதவும், அதன் கண்ணாடியைக் கழுவத் தண்ணீர்க் குழாயும் இருந்தால். கதவின் கீழ்விளிம்பு படியையும் சேர்த்து மூடுகிறதா என்று பாருங்கள். மூடினால் படி சுத்தமாக இருக்கும், இறங்கும்போது உடையில் சேறு அப்பாது. இதை யோசித்துச் செய்தவர்களை எனக்குப் பிடிக்கும்.

எடைக் கணக்கை யாருமே பார்ப்பதில்லை. கதவு ஓரத்தில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் வண்டி தாங்கக்கூடிய மொத்த எடை இருக்கும். அதிலிருந்து வண்டியின் சொந்த எடையைக் கழித்தால் மிஞ்சுவதுதான் ஆட்களுக்கும் சாமான்களுக்கும். ஆளுக்கு 75 கிலோ என்றால் ஐந்து பேர் 375 கிலோ. பெரிய பேட்டரியும் கூடுதல் வசதிகளும் சேரச் சேர அந்த மிச்சம் சுருங்கிக்கொண்டே வரும். கூரையில் கூடாரம் கட்ட நினைப்பவர்கள் கூரை தாங்கும் எடையைத் தனியாகக் கேட்க வேண்டும். பழைய வண்டி வாங்குகிறவர்கள், ஏர் சஸ்பென்ஷனின் ரப்பர்ப் பைகளை விளக்கு அடித்துப் பார்க்கட்டும். வயதானால் மடிப்புகளில் வெடிப்பு விடும். இரவு நிறுத்திய வண்டி காலையில் ஒரு பக்கம் சாய்ந்து நின்றால் காற்று கசிகிறது என்று அர்த்தம், அடுத்து கம்ப்ரஸர் ஓய்வில்லாமல் ஓடித் தேய்ந்துபோகும்.

கடைசியாக டிக்கியின் தரையைத் தூக்கிப் பாருங்கள். அங்கே முழு அளவு ஸ்டெப்னி இருக்க வேண்டும். பல சொகுசு வண்டிகளில் மெல்லிய தற்காலிகச் சக்கரமோ, பஞ்சரில் ஊற்றுகிற திரவமும் சின்னக் காற்றடிப்பானும் மட்டுமோதான் இருக்கின்றன. பாறை கிழித்த டயர்ச் சுவரை அந்தத் திரவம் அடைக்காது. முழு ஸ்டெப்னியைத் தனியாக வாங்கினாலும் உள்ளே வைக்க இடமில்லாத வண்டிகள் உண்டு. அதனால் அந்த இடத்தை டேப் வைத்து அளந்துவிட்டு முன்பணம் கொடுங்கள்.

நன்றி, வணக்கம்.