தள்ளிப்போடுகிறவர் ஏன் போனையும் எடுப்பதில்லை?

(காட்சி: கடலூர் துறைமுகம். கரையேற்றி நிறுத்திய விசைப்படகுகள்.)

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகளைப் பழுது பார்க்க இதை விட்டால் நேரம் கிடையாது. ஒரு படகுக்காரர், அடிப்பலகை மாற்றும் வேலையை 'அடுத்த வாரம் பார்த்துக்கலாம்' என்று தள்ளிக்கொண்டே போகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஆசாரி எத்தனை நாள் காத்திருப்பார்? வேறு படகுக்குப் போய்விடுவார். பலகை மாறாமல் பெயின்ட் அடிக்க முடியாது என்பதால் பெயின்டரும் வந்து பார்த்துவிட்டுத் திரும்புவார். ஜூன் 15 அன்று மற்ற படகுகள் கிளம்பும். இவர் படகை நம்பியிருக்கும் தொழிலாளிகளுக்கு அன்றைய பங்கு கிடையாது.

இவர் சோம்பேறியா? அதுதான் இல்லை. இத்தனை நாளும் வலையைச் சரிபார்த்தார், டீசல் கணக்கு எழுதினார், கயிறு வாங்கப் புதுச்சேரி வரை போய் வந்தார். பலகையை மட்டும் தொடவில்லை. உள்ளே எவ்வளவு இற்றுப்போயிருக்குமோ, எவ்வளவு செலவு இழுக்குமோ என்ற பயம்.

சிராய்ஸ், பிச்சில் என்ற இரண்டு உளவியலாளர்கள் 2013இல் எழுதிய கட்டுரை இதைத்தான் சொல்கிறது. நாம் ஒதுக்குவது வேலையை விட, அது கிளப்பும் சங்கடத்தை. ஒதுக்கியதும் மனசு லேசாகிறது. அந்த நிம்மதிக்குத்தான் பழகிப்போகிறோம். ஆனால் அது நிலைக்காது. அமெரிக்காவில் கல்லூரி மாணவர்களிடம் நடத்தி 1997இல் வெளியான ஆய்வில், தள்ளிப்போடுபவர்களுக்குக் கல்விப் பருவத் தொடக்கத்தில் மன அழுத்தம் குறைவு. கடைசியில் அழுத்தமும் உடம்புக் கோளாறும் மற்றவர்களை விட அதிகம், மதிப்பெண்ணும் குறைவு.

(காட்சி: மேசையில் அதிரும் செல்போன்.)

ஆசாரி கூப்பிடுகிறார். படகுக்காரர் பெயரைப் பார்க்கிறார், போனைக் கவிழ்த்து வைக்கிறார். கூட்டு வேலை கெடுவது இந்த இடத்தில்தான். தாமதத்தைக்கூடப் பொறுத்துக்கொள்வார்கள், என்ன நிலவரம் என்றே தெரியாமல் கிடப்பதை யாராலும் பொறுக்க முடியாது. பத்து நாள் போன் எடுக்காதவருக்குப் பதினோராவது நாள் எடுக்க வெட்கம். இப்போது தள்ளிப்போட இரண்டு காரணம்!

அதனால் தன்னைத்தானே திட்டிக்கொள்வது உதவாது. 2010இல் வெளியான ஒரு கனடா ஆய்வில், முதல் தேர்வுக்குப் படிக்காமல் தள்ளிப்போட்டதற்காகத் தங்களை மன்னித்துக்கொண்ட மாணவர்கள், அடுத்த தேர்வுக்குக் குறைவாகவே தள்ளிப்போட்டார்கள்.

சரி, என்ன செய்யலாம்? வேலையைச் சுருக்கி, நேரத்தோடு முடிச்சுப் போடுங்கள்: 'நாளைக் காலை டீ குடித்ததும், அடிப்பலகையைச் சுத்தியலால் தட்டிப் பார்ப்பேன்.' தட்டுவது மட்டும்தான். செலவுக் கணக்கு அப்புறம். ஜெர்மன் உளவியலாளர் கோல்விட்சர் இந்த 'எப்போது, எங்கே, எப்படி' திட்டத்தைப் பல வருடம் ஆராய்ந்தவர். தேதியை நீங்களே குறிப்பதை விட ஆசாரியைக் குறிக்கச் சொல்வது நல்லது. 2002இல் வெளிவந்த ஓர் ஆய்வில், நாமே வைத்த கெடு ஓரளவுதான் உதவியது, வெளியிலிருந்து வந்த கெடு அதிகம் உதவியது. கையில் கொஞ்சம் அட்வான்ஸும் கொடுத்துவிடுங்கள். பணம் போன பிறகு தேதியை மறப்பது கஷ்டம்.

எல்லா வேலைகளையும் வருடக்கணக்காக இப்படியே தள்ளிப்போடுகிறீர்கள் என்றால் மனச்சோர்வோ கவனக்குறைபாடோ பின்னால் இருக்கலாம். புதுச்சேரி ஜிப்மரில் மனநலப் பிரிவு இருக்கிறது. 14416 என்ற டெலிமானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

காத்திருக்கும் ஆசாரிக்கும் ஒரு வார்த்தை. "முடிவு பண்ணிட்டீங்களா?" என்று தினமும் கேட்டால் போன் இன்னும் சீக்கிரம் கவிழும். "அண்ணே, எது இடிக்குது? செலவுன்னா சொல்லுங்க, மோசமான ரெண்டு பலகையை மட்டும் முதல்ல மாத்திடலாம்" என்று கேட்டுப் பாருங்கள். கூடவே, "வியாழக்கிழமைக்குள்ள சொல்லலைன்னா பக்கத்துப் படகு வேலைக்குப் போயிடுவேன்" என்றும் சொல்லுங்கள். சொன்னபடி வெள்ளிக்கிழமை போய்விடவும் வேண்டும்.