‘வேற ஒண்ணும் இல்ல டாக்டர்’னு சொல்றதுக்கு முன்னாடி

(காட்சி: செட்டிநாட்டு வீட்டு வளவு, அதாவது முற்றத்தை ஒட்டின தாழ்வாரம். ஆத்தங்குடிக் கல்லு பதிச்ச தரையில ஒரு பழைய தகர டப்பா. கை ஒண்ணு மூடியைத் திறக்குது.)

வணக்கம். இந்த டப்பாவுல என்ன இருக்குன்னு மொதல்ல சொல்லிடுறேன். எங்க அப்பத்தா கல்யாணத்துல சீர்ச் சாமான் பரப்புனப்ப எழுதுன லிஸ்ட். குத்துவிளக்கு எத்தனை, வெங்கலப் பானை எத்தனை, மங்குச் சாமான் எத்தனைன்னு வரிவரியா இருக்கு. அறுபது வருஷத்துக்கு முன்னாடி வந்த கரண்டிக்குக்கூட எங்க வீட்ல கணக்கு உண்டு. ஆனா எங்க சின்ன அய்யா (தாத்தாவோட தம்பி) 26 வயசுல எப்படிச் செத்தாருங்கறதுக்கு ஒரு வரி எழுத்து கிடையாது.

அந்த ஒரு வரி போன வருஷம் எங்களுக்குத் தேவைப்பட்டுச்சு.

நான் காரைக்குடியில ஒரு மருந்துக்கடையில மருந்தாளுநர். எங்க ஆச்சி மகனுக்கு ஒன்பது வயசு. (எங்க பக்கம் அக்காவைத்தான் ஆச்சிம்போம். பாட்டின்னு நினைச்சுக்காதீங்க.) பையனுக்கு ஏடிஹெச்டின்னு மதுரையில டாக்டர் பாத்துச் சொன்னாங்க. கவனம் ஒரு இடத்துல நிக்காது, உடம்பும் நிக்காது. அதுக்கு மெத்தில்ஃபெனிடேட்டுங்கற மாத்திரை கொடுக்கலாம்னு பேச்சு வந்துச்சு. குடும்பத்துல யாருக்காவது இதயக் கோளாறு, சின்ன வயசுல திடீர்ச் சாவு உண்டான்னு டாக்டர் கேட்டாங்க. ஆச்சி யோசிக்கவே இல்ல. ‘வேற ஒண்ணும் இல்ல டாக்டர்.’

இந்த வீடியோ அந்தப் பதிலைப் பத்தித்தான்.

(காட்சி: மூளையின் கோட்டுப்படம், பிறகு இதயம்.)

மெத்தில்ஃபெனிடேட்டு ஸ்டிமுலன்ட் வகை மருந்து. மூளையில டோபமைன், நார்அட்ரினலின்னு ரெண்டு ரசாயனம் இருக்கு. நரம்பு அதுகளை வெளிய விட்டுட்டு உடனே திரும்ப உறிஞ்சிக்கும். அந்த உறிஞ்சலை இந்த மருந்து தடுக்குது. அதனால ரெண்டும் கொஞ்ச நேரம் கூடுதலா நின்னு வேலை பாக்கும், பையனுக்குக் கவனம் நிக்கும். நல்ல மருந்துதான், அதுல எனக்குச் சந்தேகமே கிடையாது. வகுப்பில அடி மட்டுமே வாங்கிட்டு இருந்த பிள்ளைக இதைச் சாப்பிட்டு உக்காந்து படிக்கிறதை நானே பாத்திருக்கேன்.

ஆனா நார்அட்ரினலினுக்கு மூளை மட்டும் வீடு இல்ல. சிராவயல் மஞ்சுவிரட்டுப் பொட்டல்ல காளை அவுந்து நம்ம பக்கமா திரும்புனா நெஞ்சு படபடன்னு அடிக்கும்ல, அதுலயும் இதுக்குப் பங்கு உண்டு. நாடியைக் கூட்டும், ரத்தக் குழாயை இறுக்கும், கண் பாப்பாவை விரிக்கும். மாத்திரை போட்டா இதெல்லாம் சின்ன அளவுல தினமும் நடக்குது.

இதுக்கு ஒரு பழைய கதையே இருக்கு. 1944-ல ஸ்விட்சர்லாந்துல சீபா கம்பெனியில லியாண்ட்ரோ பனிசான்ங்கற வேதியியல்காரர்தான் இந்த மருந்தை மொதல்ல செஞ்சாரு. அவர் மனைவிக்குச் செல்லப் பேரு ரீட்டா, அவங்களுக்கு லோ பிரஷர். டென்னிஸ் ஆடப் போறதுக்கு முன்னாடி இதைச் சாப்பிட்டா தெம்பா இருக்குன்னாங்களாம். அந்த ரீட்டாதான் ரிட்டலின் ஆச்சுன்னு சொல்லுவாங்க. லோ பிரஷர்க்காரங்களுக்குத் தெம்பு கொடுத்த அதே வேலை, ஹை பிரஷர்க்காரங்களுக்கு என்ன பண்ணும்னு நீங்களே பாத்துக்கோங்க.

சராசரியா நாடி நிமிஷத்துக்கு 3-லேர்ந்து 6 துடிப்பு கூடும். பிரஷர் 2-லேர்ந்து 4 புள்ளி ஏறும். நல்ல இதயத்துக்கு இது மாடிப்படி ரெண்டு ஏறுன மாதிரி. ஆனா சராசரின்னா சராசரிதான், சிலருக்கு இதைவிட நல்லாவே ஏறும். பிரஷர் ஏற்கனவே கட்டுக்குள்ள இல்லாதவங்க, நெஞ்சுவலிக்காரங்க, ஹார்ட் அட்டாக் வந்தவங்க, இதயத் தசை தடிச்சவங்க, இதயம் பலவீனமானவங்க, துடிப்புத் தாளம் தப்புறவங்க, பக்கவாதம் வந்தவங்க... இவங்களுக்கெல்லாம் டாக்டர்கள் இந்த மருந்தைப் பக்கத்துலயே விட மாட்டாங்க, இல்லன்னா இதய டாக்டர் சம்மதம் இல்லாமத் தொட மாட்டாங்க. நம்ம ஊர்ல இன்னொண்ணையும் சேத்துக்கணும். சின்ன வயசுல தொண்டைப் புண்ணு, காய்ச்சல், மூட்டு வீக்கம்னு வந்து வால்வு கெட்டுப்போறது. ‘சின்னப்புள்ளையில இருவத்தோரு நாளைக்கு ஒரு ஊசி போட்டோம்’னு யாராவது சொன்னா, அது அந்த ருமாட்டிக் காய்ச்சலுக்கான பெனிசிலின் ஊசியா இருக்கலாம். அதை டாக்டர்ட்ட மறக்காம சொல்லுங்க.

(காட்சி: ஊருணி. படிக்கட்டு. சாயங்கால வெளிச்சம்.)

சரி, சின்ன அய்யா. மதுரையிலேர்ந்து வந்த அன்னைக்கு ராத்திரி வளவுல உக்காந்து ஆச்சி எல்லாத்தையும் அப்பத்தாட்ட ஒப்பிச்சுட்டு இருந்துச்சு. அப்பத்தா வெத்தலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கிட்டே சொன்னாக: “ஏத்தா, நம்ம சின்னையாவைச் சொல்லலையா? ஊருணியில குளிக்கப் போன மனுசன், நடு ஊருணியில அப்படியே அமுந்து போனாரே. அவருக்கா நீச்சல் தெரியாது? முனி அடிச்சிருச்சுன்னாக.”

எனக்கு அப்பத்தான் முதுகுல ஈரத்துணி பட்ட மாதிரி ஆச்சு.

நீச்சல் நல்லாத் தெரிஞ்ச இளவயசுக்காரர், தண்ணிக்குள்ள காரணம் தெரியாம மூழ்குறது. இதயத்துல மின்சாரக் கோளாறு ஒண்ணு இருக்கு, லாங் க்யூடின்னு பேரு. ஒரு துடிப்பு முடிஞ்சு அடுத்த துடிப்புக்கு இதயம் தன்னைத் தயார் பண்ணிக்க எடுக்குற நேரம் இவங்களுக்கு நீளம். அந்த இடைவெளியில அட்ரினலின் பாய்ஞ்சா தாளம் தாறுமாறாப் போகும். அதுல ஒரு வகைக்கு நீச்சல்தான் பேர்போன தூண்டுதல். பரம்பரையா வரும், வெளியில ஒண்ணும் தெரியாது. எங்க சின்ன அய்யாவுக்கு அதுதான்னு இன்னைக்கு யாராலயும் சொல்ல முடியாது. ஆனா டாக்டர் கேட்ட கேள்விக்குப் பதில் ‘இல்ல’ இல்லைன்னு மட்டும் தெரிஞ்சுபோச்சு.

மறுநாளே டாக்டர்ட்ட போன்ல சொன்னோம். மாத்திரை தள்ளிப்போச்சு. பையனுக்கு ஈசிஜி, எக்கோ. இதய டாக்டர் எங்க அப்பாவுக்கும் ஆச்சிக்கும் சேத்து ஈசிஜி எடுக்கச் சொன்னாரு. எல்லாம் நார்மல். ரெண்டு மாசம் கழிச்சு குறைஞ்ச டோஸ்ல ஆரம்பிச்சு, இப்ப வரைக்கும் நல்லா இருக்கான். கதைக்குச் சுவாரஸ்யம் கம்மிதான். எங்களுக்கு அது போதும்.

எல்லாப் பிள்ளைக்கும் ஈசிஜி வேணுமான்னு கேப்பீங்க. 2008-ல அமெரிக்காவுல இதே சண்டை நடந்துச்சு. அமெரிக்க இதயச் சங்கம் எடுக்குறது நல்லதுன்னுச்சு, குழந்தை டாக்டர்கள் சங்கம் எல்லாருக்கும் தேவையில்ல, குடும்ப வரலாறையும் உடம்பையும் ஒழுங்காப் பாருங்கன்னுச்சு. 2011-ல 12 லட்சம் பிள்ளைகள், இளவயசுக்காரங்க தகவலை வச்சு ஒரு பெரிய ஆய்வு வந்துச்சு. இந்த மருந்தால கடுமையான இதயப் பாதிப்பு கூடுறதா அதுல ஆதாரம் கிடைக்கல. ஆக, பயந்து ஓட வேண்டிய மருந்து இல்ல. கேள்விக்கு உண்மையான பதில் சொல்ல வேண்டிய மருந்து.

(காட்சி: மழையில முற்றம். நாலு பக்கமும் ஓட்டுத் தண்ணி கொட்டுது.)

அடுத்து கண்ணு. இதைத்தான் ரொம்பப் பேர் மறந்துடுறாங்க. நம்ம முற்றத்துல நாலு பக்கக் கூரைத் தண்ணியும் விழுந்து ஓரத்துத் துவாரம் வழியா வெளிய போகும். துவாரத்துல ஒரு சாக்குத்துணி அடைச்சுக்கிட்டா? நிமிஷத்துல தண்ணி ஏறி வளவுக்கு வந்துரும். கண்ணுக்குள்ளயும் நீர் ஊறி, கருவிழி ஓரத்து மூலை வழியா வடியுது. சிலருக்குப் பொறப்புலயே அந்த மூலை ஒடுக்கம். கண் பாப்பா விரிஞ்சா அதைச் சுத்தி இருக்குற திரை (ஐரிஸ்) சுருங்கித் தடிச்சு அந்த மூலையை அடைச்சிக்கும், கண் அழுத்தம் சட்டுனு ஏறும். கண்ணு சிவந்து வலி, தலைவலி, வாந்தி, விளக்கைச் சுத்தி வானவில் வளையம். இது வந்தா விடியட்டும்னு காத்திருக்கக் கூடாது, பார்வை போயிடும். நாற்பது தாண்டினவங்க இந்த மாத்திரையை ஆரம்பிக்கிறதா இருந்தா கண் அழுத்தக் கேள்வியை டாக்டர் கேக்கலைன்னாலும் நீங்களே எடுத்துச் சொல்லுங்க.

தைராய்டு கூடுதலாச் சுரக்குறவங்களுக்கு நெஞ்சு ஏற்கனவே படபடப்புல இருக்கும், அது மேல இந்த மருந்து எரியிற அடுப்புல எண்ணெய். இதுல ஒரு வேடிக்கையும் இருக்கு: தைராய்டு கூடினாலும் ஆள் நிலைகொள்ளாமத்தான் இருப்பாரு, கவனம் சிதறும். ஏடிஹெச்டி மாதிரியே தெரியும். ஒரு ரத்த டெஸ்ட் எடுத்தாப் பிரிஞ்சிடும்.

மனசு சம்பந்தப்பட்டதைச் சொல்லத்தான் நம்ம வீடுகள்ல வாய் வராது. ‘அவனுக்கு ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி ஒரு மாதிரி ஆகி, மனசு சரியாகணும்னு குணசீலம் கோயிலுக்குக் கூட்டிட்டுப் போனோம்’ங்கறதைச் சம்பந்தி வீட்டுக்குச் சொல்றீங்களோ இல்லையோ, டாக்டருக்குச் சொல்லியே ஆகணும். காதுல குரல் கேட்டது, நாலு நாள் தூங்காமப் பேசித் தீர்த்தது, கடுமையான மனச்சோர்வு, தற்கொலை எண்ணம், இதெல்லாம் இந்த மருந்தால கிளம்பவோ கூடவோ வாய்ப்பு உண்டு. போதைப் பழக்கம் இருந்தவங்களுக்கும் தனிக் கவனம் வேணும். வலிப்பும், கண்ணைச் சிமிட்டித் தோளைக் குலுக்குற டிக்ஸும் இருந்தா கதவு ஒரேயடியா மூடாது, டாக்டர் பாத்துப் பாத்துக் கொடுப்பாங்க. சாப்பாடே இறங்காம மெலிஞ்ச பிள்ளைன்னா எடையையும் உயரத்தையும் மாசாமாசம் குறிச்சு வைக்கணும், ஏன்னா பசியை இது அடக்கும்.

இப்ப என் கடைப் பக்கம் வர்றேன். எம்ஏஓ தடுப்பான்கள்னு ஒரு வகை மருந்து இருக்கு. அதையும் ஸ்டிமுலன்ட்டையும் சேத்தா பிரஷர் உயிருக்கே ஆபத்தா ஏறும், ரெண்டுக்கும் நடுவுல 14 நாள் இடைவெளி வேணும். பார்கின்சன்ங்கற நடுக்க நோய்க்குக் கொடுக்குற செலிஜிலின் அதுல ஒண்ணு. எதிர்பாக்காதது லினிசோலிட். ஆன்டிபயாட்டிக்தான், மருந்துக்குக் கட்டுப்படாத டிபிக்குக் கொடுப்பாங்க, அதுக்கும் அந்தக் குணம் கொஞ்சம் உண்டு. சளி மாத்திரையில வர்ற ஃபினைலெஃப்ரினும் பிரஷரை ஏத்தும். அதனால எதைச் சாப்பிடுறீங்கன்னு கேட்டா அட்டையோட கொண்டாந்து காட்டுங்க.

இன்னொரு வயித்தெரிச்சல். போட்டித் தேர்வுக்குப் படிக்கிற ஒரு தம்பி கடைக்கு வந்து ரகசியமாக் கேட்டான்: “அண்ணே, ஃப்ரெண்டு ஒரு மாத்திரை கொடுத்தான், ராத்திரி முழுக்கப் படிக்க முடிஞ்சது, ஒரு அட்டை கிடைக்குமா?” கிடைக்காது தம்பி. இது ஷெட்யூல் எக்ஸ் மருந்து. டாக்டர் ரெண்டு பிரதியா சீட்டு எழுதணும், ஒண்ணை நான் ரெண்டு வருஷம் வச்சிருக்கணும். சட்டத்தை விடு, உன் நண்பனைக் கேட்ட கேள்வி எதையும் உன்னை யாரும் கேக்கலையே. அவனுக்கு ஈசிஜி பாத்திருப்பாங்க. உனக்கு?

ஏற்கனவே இந்த மாத்திரை சாப்பிடுறவங்க வீடியோ பாத்துட்டு நிறுத்திடாதீங்க. விட்டுப்போன தகவல் இருந்தா டாக்டருக்கு ஒரு போன் போடுங்க. ஓடும்போது மயக்கம், நெஞ்சுவலி, மூச்சுத் திணறல், இல்லாத குரல் கேக்குறது, இதுல எது வந்தாலும் அடுத்த மாத்திரையைப் போடாம நேரா ஆஸ்பத்திரி.

(காட்சி: மறுபடி தகர டப்பா.)

பையனோட ஈசிஜியை அப்பத்தா இதுக்குள்ளதான் வைக்கச் சொன்னாக. நான் ஜெராக்ஸ் எடுத்து வச்சேன். ஈசிஜி தாள் சூட்டுல வெளுத்துடும், நம்ம ஊர் வெயிலுக்குச் சொல்லவே வேணாம். சாமான் லிஸ்ட்டுக்குப் பின்பக்கம் காலியா இருந்துச்சு. சின்ன அய்யா பேரு, வயசு 26, ஊருணி, நீச்சல் தெரியும்னு எழுதுனேன். அப்பத்தா கண்ணாடியைப் போட்டுக்கிட்டுப் படிச்சாக.

“கார்த்திகை மாசம்னு போடு,” ன்னாக. “அன்னைக்கு மழைகூட இல்ல.”