45 நாள் ஓட்ட இவ்வளவு செலவா? சிங்கப்பூரின் பழைய கார் பைத்தியங்கள்

ஒரு காரை வாங்கி, நட்டு போல்ட்டு வரைக்கும் பிரித்து, வெல்டிங் வைத்து, பெயிண்ட் அடித்து, இன்ஜினை இறக்கி ஏற்றி, கையிருப்பையெல்லாம் அதில் கொட்டிவிட்டீர்கள். இப்போது சட்டம் வருகிறது: இதை வருஷத்துக்கு 45 நாள்தான் ரோட்டில் ஓட்டலாம்! மீதி 320 நாள் துணியை வைத்துத் துடைத்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

வணக்கம் மக்களே. இன்றைக்கு இந்தப் பைத்தியம் பற்றித்தான். எனக்கும் இது லேசாகப் பிடித்திருக்கிறது, அதனால் நடுநிலை எல்லாம் எதிர்பார்க்காதீர்கள்.

சட்டத்தை வேகமாக முடித்துவிடுகிறேன். சிஓஇ என்கிற வாகன உரிமைச் சான்றிதழ் 1990இல் வந்தது, ஒரு காரை பத்து வருஷம் வைத்துக்கொள்ளும் உரிமை, 2023 அக்டோபரில் பெரிய கார்களுக்கு அதன் விலை 150,001 சிங்கப்பூர் வெள்ளி வரைக்கும் போனது. கார் விலை தனி. ஆனால் 35 வயது தாண்டிய காரை நிலப் போக்குவரத்து ஆணையத்தின் கிளாசிக் திட்டத்தில் பதிந்தால் சிஓஇ தேவையில்லை, அதற்கு ஈடாகத்தான் அந்த 45 நாள் கட்டுப்பாடு. அவ்வளவுதான்.

சரி, காசு எங்கே போகிறது? துருவில் போகிறது. ஈசூனில் எனக்குத் தெரிந்த ஓர் அண்ணன் 70களின் மினி என்கிற குட்டி இங்கிலீஷ் கார் ஒன்றைப் பார்க்க என்னையும் கூட்டிப் போனார். வெளியே பளபளவென்று கல்யாண மாப்பிள்ளை மாதிரி நின்றது. அண்ணன் பேசவே இல்லை, பையிலிருந்து குளிர்பெட்டியில் ஒட்டுகிற காந்தம் ஒன்றை எடுத்து, பெயிண்டில் கீறல் விழாமல் துணியில் சுற்றி, கதவுக்குக் கீழே வைத்துக்கொண்டே போனார். ஒட்டியது, ஒட்டியது, அப்புறம் பொத்தென்று விழுந்தது. அந்த இடத்தில் இரும்பே இல்லை, முழுக்க ஓட்டையை அடைத்துப் பூசிய பட்டி! மினிக்கு சேசிஸ் என்கிற தனி அடிச்சட்டம் கிடையாது, பாரத்தைத் தாங்குகிற முக்கியமான இடங்களில் ஒன்று கதவுக்குக் கீழே உள்ள அந்தக் கூடான பெட்டிதான். நம்ம ஊர்ப் புழுக்கத்தில் அதற்குள் தண்ணீர் புகுந்தால் லேசில் காயாது. விற்றவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! அண்ணன் அதையும் மீறி அந்தக் காரை வாங்கினார் என்பது வேறு கதை.

வாங்கினால் எங்கே வைத்து வேலை பார்ப்பது? வீவக அடுக்குமாடி வீடுகளின் கார் நிறுத்துமிடத்தில் இன்ஜினைக் கழற்றி வைத்துக்கொண்டு உட்கார முடியுமா? சின் மிங்கிலோ காக்கி புக்கிட்டிலோ பட்டறைக்குப் போக வேண்டும், அங்கே ஒவ்வொரு மணி நேரத்துக்கும் காசு. விற்கும்போது அந்த மணி நேரத்துக்கெல்லாம் யாரும் விலை தரமாட்டார்கள்.

இன்னொரு தலைவலி, 1998இல் இங்கே ஈயம் கலந்த பெட்ரோல் நின்றுபோனது. அந்த ஈயம்தான் பழைய இன்ஜின்களில் வால்வு உட்காரும் இடத்தைத் தேயாமல் காத்தது, இப்போது கடினமான வளையம் போட்டுக் கடைந்து எடுக்க வேண்டும், அதற்கும் ஒரு பில்.

இப்போதுதான் எனக்குப் பிடித்த இடத்துக்கு வருகிறோம். மோரிஸ் ஆக்ஸ்ஃபர்ட் சீரிஸ் 3. இங்கிலாந்தில் 1959இலேயே நிறுத்திவிட்டார்கள். பார்த்தால் உங்களுக்கு உடனே சொந்தக்காரரைப் பார்த்த மாதிரி இருக்கும், ஏனென்றால் அதுதான் நம்ம அம்பாசிடர்! அதே காரைத்தான் கல்கத்தா பக்கம் உத்தர்பாராவில் 2014 வரைக்கும் செய்துகொண்டிருந்தார்கள். யோசித்துப் பாருங்கள், பிறந்த நாட்டிலேயே கைவிட்ட காருக்கு இன்னொரு நாடு அரை நூற்றாண்டுக்கு மேல் உதிரிபாகம் செய்து தந்திருக்கிறது. வேறெந்தப் பழைய இங்கிலீஷ் காருக்கு இந்தக் கொடுப்பினை? 90களில் வந்த இசுசு இன்ஜின் அம்பாசிடரின் இன்ஜின் சாமான் உதவாது, ஆனால் அதற்கு முந்தைய 1489 சிசி இன்ஜின் என்றால் சென்னை புதுப்பேட்டையில் தேடிப் பார்க்கலாம். ஆகவே, ஊருக்குப் போகிறவரிடம் பட்டுப்புடவை கேட்காமல் டிஸ்ட்ரிபியூட்டர் மூடி கேட்கிற ஆள் உங்கள் வீட்டில் இருந்தால் திட்டாதீர்கள். அவர் மிச்சம் பிடிக்கிறார்.

நஷ்டம் நஷ்டம் என்கிறார்களே, புதுக் கார் வாங்குகிறவருக்கு மட்டும் என்ன லாபம்? பத்து வருஷத்தில் சிஓஇ காசு முழுக்கக் கரைந்து பூஜ்யம். அவரை யாரும் பைத்தியம் என்று சொல்வதில்லை. அண்ணனுக்காவது வெல்டிங் தெரிந்துவிட்டது. ரசீதுகளை மட்டும் கூட்டிப் பார்க்க மாட்டேன் என்கிறார், நானும் வற்புறுத்தவில்லை, அவர் வீட்டிலும் நம்ம சேனலைப் பார்க்கிறார்கள்.

அடுத்த வீடியோவில் அந்த மினியில் பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்கு அனுப்புகிற எஸ்யூ கார்பரேட்டரைப் பிரிக்கிறோம். அதன் மேலே உள்ள, டேஷ்பாட் என்கிற எண்ணெய் ஊற்றும் குழிக்குள் 20டபிள்யூ-50 என்கிற கெட்டியான இன்ஜின் ஆயில் ஊற்றுவதா, மெல்லிய எண்ணெயா? இரண்டு கட்சியும் கமெண்டில் சண்டை போட்டு முடிவு சொல்லுங்கள், அண்ணன் பாட்டிலைத் திறக்காமல் காத்திருக்கிறார்.