வைட்டமின் சி செல்லுக்குள் எப்படிப் போகிறது?

அடுத்த கேள்வியைப் பார்ப்போம். "வைட்டமின் சி தண்ணீரில் கரையும், உடம்பிலும் பெரும்பகுதி தண்ணீர்தான். அப்புறம் 1000 மில்லிகிராம் மாத்திரை போட்டால் ஏன் முழுவதும் உடம்பில் சேராது என்கிறார்கள்?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார்.

தண்ணீரில் கரைவதுதான் இங்கே சிக்கலே. செல்லைச் சுற்றியிருக்கும் சவ்வு கொழுப்பால் ஆனது. தண்ணீரோடு ஒட்டி உறவாடுகிற பொருளுக்கு அதில் வழி கிடையாது. போதாக்குறைக்கு, ரத்தத்தில் இருக்கும் வைட்டமின் சி எதிர்மின்னூட்டம் ஏறிய அஸ்கார்பேட்டாக இருக்கிறது. மின்னூட்டம் உள்ளதைச் சவ்வு கிட்டவே சேர்க்காது. கைபிடித்து உள்ளே அழைத்துப்போக ஓர் ஆள் வேண்டும். சவ்வில் பதிந்திருக்கும் கடத்திப் புரதம்தான் அந்த ஆள்.

முக்கியமானவை எஸ்விசிடி1, எஸ்விசிடி2 என்று இரண்டு. முதலாவது சிறுகுடலிலும் சிறுநீரகத்திலும் அதிகம். இரண்டாவது மூளை, அட்ரினல் சுரப்பி என்று பல இடங்களில் இருக்கிறது. இரண்டும் வேலை செய்யும் விதம் ஒன்றுதான். செல்லுக்கு வெளியே சோடியம் அதிகம், உள்ளே குறைவு. அதனால் சோடியம் எப்போதும் உள்ளே பாயத் துடித்துக்கொண்டே இருக்கும். இந்தப் புரதம் இரண்டு சோடியம் அயனிகளை உள்ளே விடும்போது கூடவே ஓர் அஸ்கார்பேட்டையும் இழுத்துக்கொள்கிறது. சரி, உள்ளே வந்த சோடியம்? அதை வெளியே தள்ள வேறொரு பம்பு இருக்கிறது, அதுதான் செல்லின் ஆற்றல் நாணயமான ஏடிபியைச் செலவழிக்கிறது. செலவு ஓரிடம், வரவு ஓரிடம்! வெள்ளை அணுக்களில் ரத்த பிளாஸ்மாவைவிடப் பத்து மடங்குக்கும் மேல் வைட்டமின் சி சேர்ந்திருப்பது இப்படித்தான்.

இன்னொரு வழியும் உண்டு, எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். வைட்டமின் சி ஆக்சிஜனேற்றம் அடைந்தால் டீஹைட்ரோ அஸ்கார்பிக் அமிலமாக மாறிவிடும். அந்த வேஷத்தில் குளுக்கோஸ் போகும் குளூட்1 கதவு வழியாகவே உள்ளே போய்விடுகிறது. போனதும் செல்லுக்குள் இருக்கும் குளூட்டாதயோன் போன்ற பொருள்கள் அதைப் பழையபடி அஸ்கார்பேட்டாக்கிவிடும். வேஷம் கலைந்துவிட்டதா, வந்த கதவு வழியாகத் திரும்ப முடியாது. எஸ்விசிடி இல்லாத சிவப்பணுக்கள் இந்த வழியைத்தான் நம்பியிருக்கின்றன.

இப்போது மாத்திரைக்கு வருவோம். குடலில் எஸ்விசிடி1 எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவுதான் ஒரு நேரத்தில் உள்ளே போகும். 200 மில்லிகிராம் வரை பெரும்பகுதி உறிஞ்சப்பட்டுவிடும். ஒரு கிராமைத் தாண்டினால் பாதிகூடத் தேறாது. ரத்தத்துக்கு வந்த பகுதியும் முழுக்கத் தங்காது. சிறுநீரகம் வடிகட்டியதைத் திரும்ப உள்ளே எடுப்பதும் அதே எஸ்விசிடி1தான், அங்கேயும் அதன் கை நிறைந்துவிட்டால் மிச்சம் சிறுநீரில் போய்விடும். குடலில் தங்கியது தண்ணீரைத் தன் பக்கம் இழுக்கும். அளவுக்கு மீறி மாத்திரை போட்டவர்களுக்கு வயிற்றுப்போக்கு வருவது அதனால்தான்.