புராட்டஸ்டண்டுகள் குறைந்தால் கத்தோலிக்கர்கள் கூடினார்களா?

போன காணொளிக்கு வந்த கேள்விகளில் ஒன்று என்னை விடவே இல்லை. "அமெரிக்காவில் புராட்டஸ்டண்டுகள் பாதிக்கும் கீழே போய்விட்டார்களாமே, அப்படியென்றால் கத்தோலிக்கர்கள் முந்திவிட்டார்களா?" என்று ஒரு நேயர் கேட்டிருக்கிறார்.

இல்லை. அந்த நாட்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் மதத்தைக் கேட்பதில்லை, ஆகவே கருத்துக்கணிப்பு நடத்தும் பியூ ஆய்வு மையத்தின் கணக்கைத்தான் பார்க்க வேண்டும். 2007 இல் பெரியவர்களில் 51 சதவீதம் புராட்டஸ்டண்டுகள். 2023-24 இல் 40. கத்தோலிக்கர்களும் 24 இலிருந்து 19 க்கு இறங்கிவிட்டார்கள். லத்தீன் அமெரிக்காவிலிருந்து குடியேறியவர்கள் இல்லையென்றால் இன்னும் இறங்கியிருப்பார்கள். பெரிதாக ஏறியது ஒரே கூட்டம்தான்: எந்த மதத்தையும் சேராதவர்கள், 16 இலிருந்து 29.

ஆனால் நீங்கள் கேட்டதிலும் ஒரு நியாயம் இருக்கிறது. 1960 இல் அதிபர் தேர்தலில் நின்ற கத்தோலிக்கரான கென்னடி, போப் சொல்படி நடக்க மாட்டேன் என்று ஹூஸ்டனில் புராட்டஸ்டண்ட் போதகர்கள் முன்னால் நின்று விளக்கம் சொல்ல வேண்டியிருந்தது. ஐம்பது வருடம் கழித்து, 2010 இல், நீதிபதி ஸ்டீவன்ஸ் ஓய்வு பெற்றதும் உச்ச நீதிமன்றத்தில் ஒரு புராட்டஸ்டண்ட்கூட இல்லை. ஆறு கத்தோலிக்கர்கள், மூன்று யூதர்கள். பெரிய கூச்சல் எதுவும் எழவில்லை. எனக்கு மிகவும் பிடித்த மாற்றம் இது.

சரி, அந்த 29 சதவீதத்துக்கு வருவோம். தொடர்ந்து பார்ப்பவர்களுக்குத் தெரியும், நான் இதைச் சொல்லாமல் விடமாட்டேன்: மதம் சாராதவர் வேறு, கடவுளை மறுப்பவர் வேறு. இந்த 29 இல் நாத்திகர் 5, கடவுள் உண்டா இல்லையா என்று அறிய முடியாது என்பவர் 6. மீதி 19 பேர் "குறிப்பாக எதுவும் இல்லை" என்பவர்கள் (முழு எண்களாக்கியதால் கூட்டினால் 30 வரும்). அவர்களில் பலர் கடவுளையோ ஏதோ ஒரு சக்தியையோ நம்புகிறார்கள். அவர்கள் விட்டது சபையைத்தான். ஏன் விட்டார்கள்? மதமும் வலதுசாரி அரசியலும் ஒன்றாகிப்போனதால் மிதவாதிகளும் தாராளவாதிகளும் விலகினார்கள் என்று ஹவுட், ஃபிஷர் என்ற இரண்டு சமூகவியலாளர்கள் 2002 இலேயே எழுதினார்கள். அது முழுக் காரணம் இல்லை, ஆனால் எனக்கு வலுவான காரணமாகவே படுகிறது.

இதைவிட, "அந்த 19 பேரின் பிள்ளைகள் என்ன ஆவார்கள்?" என்று யாராவது கேட்டிருந்தால் எனக்குச் சந்தோஷமாக இருந்திருக்கும். பெற்றோருக்காவது ஞாயிறு பள்ளி, பாட்டி சொன்ன ஜெபம் என்று ஏதோ ஒன்று நினைவில் இருக்கிறது. பிள்ளைகளுக்கு விலகுவதற்குக்கூட ஒரு சபை இல்லை. மதமில்லாத வீட்டில் வளர்ந்தவர்கள் பெரும்பாலும் அப்படியே இருந்துவிடுகிறார்கள்.

2019 இலிருந்து கிறிஸ்தவர்களின் பங்கு 60 க்கும் 64 க்கும் இடையில் நிற்கிறது, சரிவு நின்றுவிட்டது என்று சிலர் மகிழ்கிறார்கள். மிக மூத்த தலைமுறையில் 80 சதவீதம் கிறிஸ்தவர்கள், 18 முதல் 24 வயதில் 46 தான். மூத்தவர்களின் இடத்துக்கு இவர்கள் வரும்போது அந்தக் கணக்கு அப்படியே நிற்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.